நூற்றுப் பதினெட்டு பவுண்டு

கொட்டகைத் தரையில் இருந்த ரத்தக் கறையைக் கன்றுக்குட்டி ஒன்று ரசித்து நக்கிக்கொண்டிருந்தது.

"மிஸ் பெர்டி, ரத்தத்தை நக்குற கன்னுக்குட்டியை நான் பாத்ததே இல்ல," என்றேன். "ஒண்ணு, இது ஓநாய்க்குப் பொறந்திருக்கணும். இல்லன்னா இது ரத்தமே இல்ல."

"வேலைக்கு வந்து மூணு வருஷத்துல இப்பதான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்க, லானி," என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார் பெர்டி காடில்.

பெர்டிக்கு அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளையும் கவிழ்ந்த வண்டிகளையும் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க முடியாமல், முடிவெட்டும் கடைக்கு மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். நான் லானி ஸ்டாம்பர், அந்த ஆபீசின் ஒரே உதவியாளன். அதற்கு முன் பதினெட்டு வருஷம் இந்தக் கிழக்குக் கென்டக்கி மலைகளில் சக்கர வீடுகளை லாரியில் இழுத்தவன். என்னை இரண்டு மனைவிகள் விட்டுப் போயிருக்கிறார்கள். இருவருமே துப்பறிய அவசியம் வைக்காமல் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

கொட்டகை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் வில்டா நோபிள். அன்று காலை எட்டு மணிக்கு ஆபீஸ் படியேறி வந்தவர். அறுபத்தாறு வயது. கணவர் எஸ்டில் நோபிளைக் காணவில்லை என்று வந்தார்.

சரியாகச் சொன்னால், காணவில்லை என்பதுகூட இல்லை. புதன்கிழமை எஸ்டில் தன் சின்ன டிராக்டரைப் பளபளவென்ற ஒரு டிரெய்லரில் ஏற்றி, பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு, இண்டியானாவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வைக்கோல் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வியாழக்கிழமை அந்தத் தம்பியே போன் செய்து, "அண்ணன் சௌக்கியமா அண்ணி? பாத்து ஒரு வருஷமாச்சே" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் வில்டா கொட்டகைக்குப் போய்த் தேடியிருக்கிறார், இந்தக் கறையைப் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் எங்களிடம் வந்துவிட்டார்.

ஆபீசில் அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை நான் கேட்காமலே இருந்திருக்கலாம்.

"எனக்குக் கணையத்துல கட்டி. இலை உதிர்ற காலம் வரைக்கும்தான்னு டாக்டர் சொல்லிட்டார். எஸ்டிலுக்குத் தெரியாது. நான் சொல்லல. நாப்பத்தி மூணு வருஷம் கூட இருந்தவர், ஒடிஞ்சு போயிடுவார். டேட்டன்ல என் அக்கா இருக்கா. திங்கக்கிழமை பஸ்ல அங்க போயிடலாம்னு பெட்டி கட்டி வச்சிருக்கேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிடுவேன்."

"அப்ப அவரைக் கண்டுபிடிச்சு என்ன ஆகணும்?" என்றார் பெர்டி.

"அவருக்கு வேற ஒருத்தி இருக்காளான்னு தெரியணும். இருந்தா நிம்மதியாப் போவேன். இல்லன்னா..." கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ஒருத்தி இருந்தா, அவ நல்லா சமைப்பாளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அவருக்கு சோள ரொட்டி இல்லாம ராத்திரி சாப்பாடு இறங்காது."

நான் வாயாடி. அப்போது மட்டும் நோட்டில் சோள ரொட்டி என்று எழுதிக்கொண்டேன்.

இப்போது கொட்டகையில், பெர்டி கறையில் விரலை வைத்து முகர்ந்தார். "இனிப்பு வாசனை. வெல்லப்பாகு மாதிரி. லானி, ஒரு கொட்டகையில கறுஞ்சிவப்பா, இனிப்பா, குடம் குடமாக் கொட்டுற அளவுக்கு என்ன இருக்கும்?"

"பீட்ரூட் சாறு," என்றேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "டிராக்டரோட பின் சக்கரத்துக்குள்ள ஊத்துவாங்க. நம்ம சரிவுல காலி டயரோட ஓட்டினா டிராக்டர் தலைகீழாக் கவிழ்ந்துடும். தண்ணி ஊத்தினா குளிர்காலத்துல உறைஞ்சுபோயிடும். சாறு உறையாது, கனமும் கொடுக்கும். டயர் கடைக்காரன் பம்பு வச்சு ஏத்துவான்."

வில்டா வாயைப் பொத்திக்கொண்டார். "கடையிலதான் ஊத்துவாங்கன்னு தெரியும். கலரை நான் பாத்ததில்லையே. நான் ரத்தம்னு நினைச்சு ராத்திரி முழுக்க..."

"மனசு பதறும்போது எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்," என்றார் பெர்டி. எழுந்து நின்று என்னைப் பார்த்தார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மலைக்காரன் எவனும் டயர்ச் சாற்றைத் திறந்துவிட மாட்டான். காரில் இருந்து பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது போன்ற வேலை அது. எஸ்டில் எங்கே டிராக்டர் ஓட்டினாலும், இந்த நிமிஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்.

"அந்த டிரெய்லர் யாரோடது, மிஸ் வில்டா?" என்றார் பெர்டி.

"இரவல் வாங்கினேன்னார். சக்கரத்துக்கு மேல இருக்கிற மண்காப்புத் தகட்டுல ஹென்ஸ்லின்னு எழுதியிருந்துது."

பெர்டி விடைபெற்றுக்கொள்ள வில்டாவின் கையைப் பிடித்தார். பிடித்தவர் ஒரு கணம் கூடுதலாகவே பிடித்திருந்தார். கல்யாண மோதிரம் விரலில் இருந்து நழுவாமல் இருக்க அதன் அடிப்பக்கத்தில் பச்சை நூல் சுற்றியிருந்தது. நானும் அதைப் பார்த்தேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

*

ஹென்ஸ்லி டிரெய்லர் மைதானம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. ரூஃபஸ் ஹென்ஸ்லி அதன் முதலாளி. வாடிக்கையாளர் வண்டியை நிறுத்துவதற்குள் டிரெய்லர் விற்றுவிடும் ஆள்.

"வாங்க, வாங்க! என்ன இழுக்கணும்? படகா, மாடா, மாமியாரா?"

"ஒரு தகவல் இழுக்கணும் அண்ணே, உங்க வாயில இருந்து," என்றேன். "எஸ்டில் நோபிள்னு ஒருத்தர் உங்ககிட்ட டிரெய்லர் வாங்கினாரா?"

ரூஃபஸின் சிரிப்பு சற்றுக் குறைந்தது. "அந்த மனுஷனா? மூணு நாள் வந்தார். மூணு நாளும் என் உயிரை வாங்கினார். என்ன, டிரெய்லர்ல ஏதாவது குறையா?"

"டிரெய்லர் நல்லாத்தான் இருக்கும். மனுஷரைத்தான் தேடுறோம். என்ன கேட்டார், அப்படியே சொல்லுங்க," என்றார் பெர்டி.

ரூஃபஸ் எங்களை ஒரு கறுப்பு டிரெய்லரிடம் அழைத்துப் போய் அதன் பலகையைத் தட்டினார். "இது இரும்பு. பதினாறடி. ரெட்டை அச்சு. சின்ன டிராக்டர் வச்சிருக்கிற எல்லாரும் இதைத்தான் எடுப்பாங்க. நானும் இதைத்தான் காட்டினேன். அவர் பதினெட்டடி வேணும்னுட்டார்."

"ஏன்?"

"டிராக்டருக்குப் பின்னால மண்ணு வழிக்கிற தகடு மாட்டியிருக்கும், முன்னால வாளி இருக்கும்னார். ரெண்டையும் மாட்டிக்கிட்டு, டிராக்டரை நல்லா முன்னால தள்ளி நிறுத்தணும், எடை கொக்கி மேல கொஞ்சம் அழுந்தணும், இல்லன்னா இறக்கத்துல டிரெய்லர் வாலாட்டி வண்டியையே பள்ளத்துல தள்ளிடும்னு எனக்கே பாடம் எடுத்தார். சரியாத்தான் சொன்னார், என்ன பண்றது. அப்புறம் ரெண்டு அச்சுலயும் பிரேக் இருக்கணும்னார். வயக்காட்டுக்குப் போறவன் அதெல்லாம் கேக்கமாட்டான்."

பெர்டி என்னைப் பார்த்தார். "லானி?"

"மண்ணு வழிக்கிற தகடுன்னா ரோடு சமன் பண்ற வேலை. ரெண்டு அச்சுலயும் பிரேக்குன்னா செங்குத்தான இறக்கம். இண்டியானா மேஜை மாதிரி தட்டையா இருக்கும், அங்க பிரேக்கே தேவையில்ல. அவர் எங்கயோ மேல ஏறியிருக்கார்."

"இன்னும் கேளுங்க," என்றார் ரூஃபஸ். அவருக்கு இப்போது கதை சொல்லும் உற்சாகம் வந்துவிட்டது. "பதினெட்டடி இரும்பு டிரெய்லர் காட்டினேன். வேண்டாம், அலுமினியம்தான் வேணும்னார். அலுமினியம் விலை அதிகம், உங்களுக்கு எதுக்குன்னேன். இங்க வர்றவங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேப்பாங்க, 'என் பிக்கப் இழுக்குமா?' அவ்வளவுதான். இந்த மனுஷன் அதைக் கேக்கவே இல்ல. 'எல்லாம் சேத்து மொத்தம் எவ்வளவு வரும்?'ன்னார். பிக்கப், டிரெய்லர், டிராக்டர், சங்கிலி, அவர் உடம்பு, எல்லாம் சேத்து. என் மேஜையில உக்காந்து அரை மணி நேரம் கணக்குப் போட்டார்."

"அந்தக் கணக்கு?"

"என் மேஜைக் காகிதத்துலதான் போட்டார். கிழிச்சுப் போட மனசு வரல. அவ்வளவு சுத்தமான கையெழுத்து."

ஆபீஸ் அறைக்குள் போய் காபிக் கறை படிந்த பெரிய காகிதத்தை எடுத்து நீட்டினார். ஒரு மூலையில் தச்சர் பென்சிலில் எழுதியிருந்தது.

பிக்கப் 5,300. டிரெய்லர் 1,900. டிராக்டர், வாளியோடு 3,600. தகடு 450. சங்கிலி, மண்வெட்டி 100. நான் 170. அதன் கீழே சாறு 600 என்று எழுதி, அழுத்தமாக அடித்திருந்தது. கடைசி வரியில் பெயர் இல்லை. வெறும் எண் மட்டும்.

118.

மொத்தம் 11,638. அதற்குக் கீழே 12,000 என்று இரட்டைக் கோடு போட்டு, பாக்கி 362, போதும் என்று முடித்திருந்தார்.

"பன்னெண்டாயிரம் பவுண்டுன்னா ஆறு டன்," என்றேன். "யாரோ இவருக்கு ஆறு டன்னுன்னு எல்லை வச்சிருக்காங்க. இரும்பு டிரெய்லர்னா எண்ணூறு கூடும், தாண்டிடும். சாறோட போனா அறுநூறு கூடும், அப்பவும் தாண்டிடும். அதான் ரெண்டையும் விட்டுட்டார். ஒரு பாலம், மிஸ் பெர்டி. எடைப் பலகை மாட்டின பாலம்."

"எது?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டினேனோ என்னவோ. "இந்தச் சுத்து வட்டாரத்துல எடைப் பலகை வச்ச பாலம் அஞ்சு. மூணு பத்து டன்னு, ஒண்ணு எட்டு. ஆறு டன்னு ஒண்ணே ஒண்ணுதான். கெட்டில் ஃபோர்க் ஓடைப் பாலம். அந்தப் பலகையால நான் ஒரு தடவை நாப்பது மைல் சுத்திப் போயிருக்கேன், அதனால மறக்காது. பெருவெள்ளத்துக்கு அப்புறம் அதுக்கு மேல ரோடே கிடையாது. மனுஷ நடமாட்டமும் கிடையாது."

ரூஃபஸ் மெதுவாகக் கேட்டார்: "அந்த நூத்திப் பதினெட்டு என்ன?"

காருக்கு வந்ததும் நான் அதற்குப் பதில் சொன்னேன், தேவைக்கு மேலேயே சொன்னேன். "பொம்பளை, மிஸ் பெர்டி. வேற என்ன? நூத்திப் பதினெட்டு பவுண்டு, பக்கத்து சீட்டுல. பேர் எழுதக்கூட பயம். ஆளில்லாத மலையில வீடு கட்ட ரோடு போடுறார். இந்த வயசுல! நானெல்லாம் ரெண்டு கல்யாணம் பண்ணி ரெண்டுலயும் தோத்தவன், எனக்கே இப்படி ஒரு யோசனை வரல. ஒல்லியான ஆளாத்தான் பிடிச்சிருக்கார், பாலம் தாங்கணுமில்ல!"

பெர்டி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியைத் திருப்பு," என்றார். "வில்டாவைக் கூட்டிக்கிட்டுப் போகணும்."

"என்னது? புருஷனைக் கையும் களவுமாப் பிடிக்கப் போற இடத்துக்குப் பொண்டாட்டியையா கூட்டிட்டுப் போறது? சாகப்போற மனுஷி, மிஸ் பெர்டி! கொஞ்சமாவது ஈரம் வேண்டாமா உங்களுக்கு?"

"லானி," என்றார் பெர்டி. குரலில் கோபமே இல்லை. "திருப்புப்பா."

*

வில்டா முன் சீட்டில் உட்கார்ந்தார். கட்டி வைத்த பெட்டியையும் எடுத்து வந்து பின்னால் வைக்கச் சொன்னார். "எதைப் பாத்தாலும் பாத்துட்டு, அப்படியே பஸ் நிலையத்துல விட்டுடுங்க. வீட்டுக்குத் திரும்பி வந்தா என்னால கிளம்ப முடியாது."

கெட்டில் ஃபோர்க் போகிறோம் என்றதும் அவர் முகம் மாறியது.

"அங்க எதுக்கு?"

"உங்களுக்கு அந்த இடம் தெரியுமா?" என்று கேட்டேன். பெர்டி பின் சீட்டில் இருந்து என் தோளில் கை வைத்தார். பேசாதே என்று அர்த்தம். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

கொஞ்ச தூரம் போன பிறகு வில்டா சொன்னார். "எங்க அப்பா பொறந்த இடம். மேல எங்க குடும்பக் கல்லறை இருக்கு. பதினோரு கல்லு. பதினோராவது கல்லு எங்க ஜூனோடது. எங்க பொண்ணு. எட்டு நாள் இருந்தா. அதுக்கப்புறம் எங்களுக்குப் பொறக்கல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வருஷா வருஷம் பூப்போடுற ஞாயித்துக்கிழமை மேல போய், கல்லைக் கழுவி, பூ வச்சுட்டு வருவேன். வெள்ளம் வந்து ரோடு போன பிறகு போக முடியல. ரெண்டு மைல் ஏறணும். போன ரெண்டு வருஷமும் பாலத்துக் கம்பியில பூவைக் கட்டிட்டு, அங்கிருந்தே பாத்துட்டு வந்துட்டோம். கல்லு தெரியாது. மரம்தான் தெரியும்."

நாளை மறுநாள் பூப்போடும் ஞாயிறு. மே மாதக் கடைசி ஞாயிற்றில் எங்கள் மலைகளில் எல்லாக் குடும்பமும் கல்லறைக்குப் போய்ப் பூப்போட்டு, அங்கேயே துணி விரித்துச் சாப்பிட்டுவிட்டு வரும். அது எனக்கு நினைவு வந்த அந்த நிமிஷம், காரில் நான் அடித்த கிண்டல் அத்தனையையும் திரும்ப விழுங்கிவிடலாம் போல இருந்தது. ஆனால் நூற்றுப் பதினெட்டு மட்டும் எனக்கு அப்போதும் விளங்கவில்லை. என் மண்டை அப்படி.

பாலத்தின் கம்பியில் போன வருஷத்துப் பிளாஸ்டிக் ரோஜாக்கள் வெளுத்துப் போய்த் தொங்கின. ஆறு டன் என்ற பலகை சாய்ந்து நின்றது. பாலத்தைத் தாண்டியதும் நான் காரை நிறுத்திவிட்டேன்.

எதிரே ரோடு இருந்தது.

வெள்ளம் அரித்துப்போன இடத்தில் ஓடைக்கல்லைக் கொட்டி, மண்ணை வழித்து, தண்ணீர் போகக் குழாய் பதித்து, ஒரு வண்டி அகலத்துக்கு அழகாகச் சமன் செய்திருந்தது. இரண்டு மூன்று நாள் வேலை இல்லை இது. ஒரு மாதமாவது இருக்கும். இரவல் டிராக்டரில் தொடங்கியிருப்பார், முடிக்கத் தன் டிராக்டரைக் கொண்டுவந்திருப்பார் என்று பெர்டி முணுமுணுத்தார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை மீன் பிடிக்கப் போறேன்னு போவார்," என்றார் வில்டா. "ஒரு மீனும் கொண்டு வந்ததில்ல."

பிக்கப்பும் காலி டிரெய்லரும் முதல் வளைவில் நின்றன. பிக்கப்பின் பின்பலகையில் தகர டப்பாவில் பாதி தின்ற சின்னச் சின்ன சாசேஜ் துண்டுகளும், உப்பு பிஸ்கட் பொட்டலமும் இருந்தன. வில்டா டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அவ சமையல் சரியில்ல," என்றார்.

காரை மெதுவாக மேலே ஏற்றினேன். கடைசி ஏற்றத்துக்கு முன் டிராக்டர் சத்தம் கேட்டது. எஸ்டில் நோபிள் தெரிந்தார். எலும்பும் தோலுமான உயரமான மனிதர், சட்டை முழுக்க மண். டிராக்டரின் பின்னால் தகட்டுக்கு மேல் ஒரு மரப்பெட்டியைக் கட்டி, அது நிறைய ஓடைக்கல்லை அடுக்கியிருந்தார். நான் மூச்சு விட்டேன். சாற்றைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, இந்தப் பக்கம் வந்ததும் கல்லால் அந்தக் கனத்தை ஈடுகட்டியிருக்கிறார். தன் உயிரையும் கணக்கில் எழுதித்தான் வைத்திருக்கிறார்.

எங்களைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்தார். வில்டா காரை விட்டு இறங்கினார்.

"இண்டியானா ரொம்ப மேடா இருக்கே, எஸ்டில்," என்றார் வில்டா.

எஸ்டில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தேன். நீ நாளன்னைக்கு என்னோட வண்டியில உக்காந்து நேரா அவ கல்லு வரைக்கும் வரணும்னு... மழை வந்தா கடைசி ஏத்தத்துல பிக்கப் வழுக்கும். டிராக்டரை இங்கயே விட்டு வச்சா களவு போயிடும். அதான் அன்னைக்கும் ஏத்திக்கிட்டு வரணும், இழுக்கிறதுக்கு. அதான் இந்த டிரெய்லர்."

"அதைச் சொன்னா என்ன? இதுக்கா பொய் சொன்ன? நான் என்னென்னமோ நினைச்சேன்!" வில்டாவின் குரல் உடைந்தது. "நான் பெட்டி கட்டிட்டேன் தெரியுமா?"

"தெரியும்," என்றார் எஸ்டில். "கட்டிலுக்கு அடியில பாத்தேன்."

பெர்டி முன்னால் வந்தார். அந்தக் காபிக் கறைக் காகிதத்தை எடுத்து வில்டாவின் கையில் கொடுத்தார். "இது அவர் டிரெய்லர் எடுக்கப் போட்ட கணக்கு. கடைசி வரியைப் பாருங்க, அம்மா."

வில்டா பார்த்தார். அவர் உதடுகள் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தன. கடைசி வரிக்கு வந்ததும் நின்றன. இடது கை தானாகவே மோதிரத்தில் இருந்த பச்சை நூலைப் போய்ப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கும் புரிந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அந்த ஒல்லிப் பெண்ணை நான் காலையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"நான் நூத்தி அம்பது," என்றார் வில்டா, யாரையும் பார்க்காமல். "ஊருல எல்லார்கிட்டயும் நூத்தி அம்பதுன்னுதான் சொல்லுவேன். உன்கிட்டயும் அப்படித்தான், எஸ்டில். இந்த நம்பர் ஆஸ்பத்திரிச் சீட்டுல மட்டும்தான் இருக்கு."

"ஏப்ரல்ல மாவு டின்னை எடுத்தேன்," என்றார் எஸ்டில். "பின்னால அந்தச் சீட்டை மடிச்சு வச்சிருந்த. மேல உன் எடை. கீழ... கீழ மத்ததெல்லாம். நான் திருப்பி அதே மடிப்புல மடிச்சு வச்சுட்டேன்."

"ஏப்ரல்ல! ரெண்டு மாசமா தெரிஞ்சுக்கிட்டு என் எதிர்லயே உக்காந்து சாப்பிட்டியா?"

"நீயும்தான் என் எதிர்லயே உக்காந்து சமாளிச்ச. நீ சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கலாம்னு இருந்தேன். சொல்லவே இல்ல. உன்னால வாய்விட்டுச் சொல்ல முடியலன்னு நினைச்சேன். சொல்ல முடியாதவகிட்ட நான் எப்படிக் கேக்கிறது, வில்டா?"

காற்றில் எங்கிருந்தோ காட்டுப் பூ வாசனை வந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டிராக்டரைப் பார்த்தேன்.

எஸ்டில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "நம்ம ஊருல வீட்டு ஆளுங்க குழி வெட்டக்கூடாது. அக்கம்பக்கத்து ஆளுங்கதான் மண்வெட்டியோட வந்து வெட்டணும். எனக்கு அது தெரியும். நான் மேல ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டல, போய்ப் பாரு. கல்லைச் சுத்திப் புல்லைத்தான் வெட்டினேன். ஆனா பக்கத்து வீட்டு ஃபிளாய்டுக்கும் அவன் தம்பிக்கும் எழுபது தாண்டிடுச்சு. ரோடு இல்லாம அவங்க எப்படி ஏறுவாங்க? உன்னைக் கீழ டவுன் கல்லறையில, முன்னப்பின்ன தெரியாதவங்க நடுவுல விட்டுட்டு வரச் சொல்றியா? நீ ஜூன் பக்கத்துல இருக்கணும்னு அவ போன அன்னைக்கே சொன்ன. நான் மறக்கல."

வில்டா மேலே கல்லறை இருந்த பக்கம் பார்த்தார்.

"இந்த ரோட்டுல நீ ரெண்டு தடவை வரணும்," என்றார் எஸ்டில். அதற்குள் அவர் அழத் தொடங்கியிருந்தார். மறைக்க முயலவில்லை. "ஒரு தடவையாவது என் பக்கத்துல உக்காந்து வரணும். அந்தக் கணக்குதான் அது. நீ உக்காந்து வர்ற கணக்கு."

இருபத்திரண்டு வருஷம் பொய்யர்களை முகத்துக்கு நேரே பார்த்துப் பழகிய பெர்டி, மரங்களின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் என் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வில்டா நடந்து போய்க் கணவரின் சட்டைப் பையில் இருந்த தச்சர் பென்சிலை எடுத்தார். காகிதத்தை டிராக்டரின் மண் படிந்த முன்மூடி மேல் விரித்தார்.

"கணக்குத் தப்பு, எஸ்டில்," என்றார்.

"எங்க?"

"நீ பாத்தது ஏப்ரல் சீட்டு. போன செவ்வாய்க்கிழமை நிறுத்தாங்க. நூத்திப் பதினாலு."

எஸ்டில் பென்சிலை வாங்கிக்கொண்டார். 118-ஐ அடித்தார். பக்கத்தில் 114 என்று எழுதத் தொடங்கி, முதல் இரண்டு எண்ணோடு நின்றுவிட்டார். அந்தப் பெரிய கை காகிதத்தின் மேலேயே கிடந்தது.

வில்டா என்னைத் திரும்பிப் பார்த்தார். "லானி, தம்பி, அந்தப் பெட்டியைக் கீழ கொண்டுபோய் எங்க பிக்கப்புல வச்சுடுங்க."

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். பென்சில் இப்போது வில்டாவின் கையில் இருந்தது. அன்று சாயங்காலம் பெர்டி அந்தக் காகிதத்தைப் பார்த்ததாகச் சொன்னார். நான்கை வில்டாதான் போட்டிருக்கிறார். கூட்டிக் கழித்து, பாக்கி 366 என்று எழுதி, அதன் பக்கத்தில் தன் கையெழுத்திலேயே போதும் என்றும் எழுதியிருக்கிறார்.